அழுக்குப் படாத கையுறை

காட்டோரத்து ஓடைக்கரையில் நரியார் புகையிலைத் தோட்டம் போட்டிருந்தார். போட்டிருந்தார் என்றால், மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நட்டது, தண்ணீர் கட்டியது, கொழுந்து கிள்ளியது, இலை ஒடித்தது எல்லாம் குரங்குகள்தான்.

இலை ஒடிக்கிற வேலை விடியும்போதே தொடங்கிவிடும். பனி ஈரத்தில் இலை கிழியாது. வெயில் ஏறினால் ஓரம் கிழியும். கிழிந்த இலையைப் பார்த்தால் நரியாருக்கு நெஞ்சு வலிக்கும். அவருக்கு நெஞ்சு வலிக்கக் கூடாது என்று குரங்குகள் பனியில் நனைந்தார்கள். ஒடித்த இலையை மார்போடு அணைத்து வரப்புக்குச் சுமந்தார்கள். பச்சை இலையின் பிசின் கையிலும் மார்பு மயிரிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். குமட்டும். புதிதாக வேலைக்கு வந்த குரங்கு வரப்போரம் குனிந்து வாந்தி எடுக்கும்.

உடனே மொக்கையன் கைதட்டிச் சிரிப்பான். தோட்டத்தில் பழைய ஆள் அவன்.

“எடு, எடு! வாந்தி எடுத்தாத்தான் வேலை பழகும்!”

எல்லோரும் வந்து முதுகில் தட்டிப் பாராட்டுவார்கள். அது அந்தத் தோட்டத்து வழக்கம். மொக்கையன் மட்டும் இன்னும் அடிக்கடி புதர் மறைவில் போய்ப் பழகிக்கொண்டே இருந்தான். “இத்தனை வருஷமா உனக்குப் பழகலையா?” என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கூட்டத்தில் சுருளாயி என்று ஒரு மந்தி இருந்தாள். வாய் திறக்கவே கூச்சப்படுவாள். அவளுக்கு ஒரு குட்டி, பேர் சுண்டன். வேலை நேரத்தில் அவனைக் கிளையில் விட்டுவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் பிசின் கையோடு அள்ளி எடுத்துப் பால் கொடுப்பாள். சுண்டன் குடிப்பான். குடித்த கையோடு கக்குவான். நாளாக ஆக அவன் வால் நூல் மாதிரி இளைத்துப்போனது.

“கண்ணு பட்டிருக்கு சுருளாயி! மிளகாயைச் சுத்திப் போடு!” என்றாள் பக்கத்துக் கிளைக்காரி.

சுருளாயி சுற்றிப் போட்டாள். சுண்டன் கக்குவதோடு தும்மவும் செய்தான்.

இப்படி இருக்கும்போது, இலை வாங்குகிற வியாபாரி யானையார் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: “வேலை செய்யுறவங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கணும். கொடுக்காத தோட்டத்து இலை எனக்கு வேண்டாம்.”

நரியாருக்கு அன்றைக்கே குரங்குகள் மேல் பாசம் பொங்கிவிட்டது.

“என் பிள்ளைங்களா! உங்க உடம்பை நினைச்சு நான் ராத்திரியெல்லாம் தூங்குறதே இல்லை!” என்றார். அவர் விழித்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. குறட்டையை மட்டும் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

பயிற்சி கொடுக்க மயிலார் வந்தார். நாவல் மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். மயிலார் முதலில் தோகையை விரித்துக் காட்டினார். பாதி நேரம் அதிலேயே போனது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சரியாகத்தான் சொன்னார்.

“பச்சைப் புகையிலையில விஷம் இருக்கு. இலை ஈரமா இருந்தா அது தோல் வழியா உடம்புக்குள்ள இறங்கும். முதல்ல தலை சுத்தும். அப்புறம் குமட்டும், வாந்தி வரும். அப்புறம் கால் தள்ளாடும். அதனால பனி காய்ஞ்ச பிறகுதான் ஒடிக்கணும். கையுறை போடணும். வேலை முடிஞ்சதும் நல்லா கழுவணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது!” என்று எல்லோரும் கத்தினார்கள். சத்தமாகக் கத்தினால் சீக்கிரம் விட்டுவிடுவேன் என்று நரியார் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

சுருளாயிக்குச் சுண்டன் ஞாபகம் வந்தது. ‘எம்புள்ள பால் குடிச்சதும் கக்குறானே, அதுவும் இந்தப் பிசினாலதானா?’ கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. கையைப் பாதி தூக்கினாள்.

“என்ன தாயி, எறும்பு கடிக்குதா?” என்றான் மொக்கையன்.

எல்லோரும் சிரித்தார்கள். சுருளாயி, தலை சொறியத்தான் கையைத் தூக்கினேன் என்பது போலச் சொறிந்துகொண்டாள். கேள்வியை விழுங்கிவிட்டாள்.

மயிலார் எல்லோருக்கும் வெள்ளை வெளேரென்று ரப்பர் கையுறை கொடுத்துவிட்டுப் போனார். அவர் தோகை மறைந்ததும் நரியார் எழுந்தார்.

“பாத்தீங்களா, பால் மாதிரி வெள்ளை! இதைப் போய் யாராவது பிசின்ல முக்குவாங்களா? பத்திரமா எடுத்து வைங்க. யானையார் வர்ற அன்னைக்குப் போட்டா போதும். பனி காயுற வரைக்கும் காத்திருந்தா என் இலை கிழிஞ்சுடும். ஓடையில கழுவினா தண்ணி கறுத்துடும், நான் எதைக் குடிக்கிறது? மத்தபடி வாத்தியார் சொன்னது எல்லாத்தையும் அப்படியே செய்யுங்க!”

மற்றபடி செய்வதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

உண்மையில் நரியார் அவ்வளவு தூரம் சொல்லியிருக்கவே வேண்டாம். குரங்குகளுக்கே மனசு வரவில்லை. புதுச் சாமானை வேலைக்குப் போடுவதா? மொக்கையன் தன் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம் என்று எடுத்து வைத்தான். பக்கத்துக் கிளைக்காரி அழகுக்குக் கிளையில் தொங்கவிட்டாள். சுருளாயி ஒன்றை மரப்பொந்தில் வைத்தாள். இன்னொன்றைச் சுண்டன் தலையில் குல்லாவாக மாட்டினாள். ஐந்து விரலும் சேவல் கொண்டை மாதிரி நின்றன.

மறுநாள் எல்லோரும் வெறுங்கையோடு பனிக்குள் இறங்கினார்கள். முன்பெல்லாம் ஒன்றும் தெரியாமல் வாந்தி எடுத்தார்கள். இப்போது பயிற்சி பெற்று வாந்தி எடுத்தார்கள்.

சுண்டனுக்கு மட்டும் நாளுக்கு நாள் மோசமானது. ஒரு நாள் சுருளாயி கிளை தாவும்போது அவன் பிடி நழுவியது. நல்லவேளை, வாலை எட்டிப் பிடித்துவிட்டாள். குரங்குக் குட்டிக்குப் பிடிதானே உயிர்! அந்தப் பிடி போனால் பிள்ளை போய்விடுவான்.

யானையார் ஒரு காலையில் மயிலாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. குரங்குகள் வெள்ளைக் கையுறையோடு வரிசையாக நின்றார்கள்.

“அடடா! இத்தனை நாளா இலை ஒடிச்சும் ஒரு கறை இல்லையே! என்ன சுத்தம்!” என்று யானையார் பூரித்துப்போனார்.

“எல்லாம் பயிற்சி!” என்றார் நரியார்.

சுருளாயி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து நின்றாள். யானையார் கவனித்துவிட்டார்.

“உன்னோட இன்னொரு உறை எங்கம்மா?”

சுண்டன் கொண்டைக் குல்லாவோடு அவள் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தான். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அவன் கக்கினான். குல்லா கழன்று விழுந்தது. அவனும் கூடவே சரிந்தான். சுருளாயி தாங்கிப் பிடித்தாள்.

இனியும் விழுங்க அவளால் முடியவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“ஐயா… நாங்க உறை போட்டு ஒடிக்கிறதில்லை. என் மாரெல்லாம் பிசின். அதுலதான் இவன் பால் குடிக்கிறான். அதனாலதான் கக்குறானா?”

“ஏய், சும்மா இரு!” என்று நரியார் பாய்ந்தார். “யானையாரே, பயப்படாதீங்க. என் தோட்டத்து இலை பச்சைப் புள்ளை மாதிரி. ஒண்ணும் பண்ணாது. இதோ பாருங்க!”

அன்றைக்குத்தான் முதல் முறையாக நரியார் மேட்டிலிருந்து தோட்டத்துக்குள் இறங்கினார். சரசரவென்று இலையை ஒடித்தார். மார்போடு அணைத்தார். பனித் தண்ணீர் அவர் உடம்பில் ஒழுகியது. முகத்தில் தேய்த்துக் காட்டினார். போதாததற்கு ஒரு இலையை மென்றும் காட்டினார்.

“பாத்தீங்களா? எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை! இந்தக் குரங்குங்களுக்கு வேலை செய்யச் சோம்பேறித்தனம். அதுக்குத்தான் இல்லாத நோயெல்லாம்… வாத்தியாரே, இந்தப் பூமி ஏன் சுத்துது?”

மயிலாருக்கு ஒரே சந்தோஷம். “நான் சொன்ன அதே வரிசை! தலை சுத்திடுச்சு. அடுத்தது வாந்தி!”

நரியார் யானையாரின் காலிலேயே வாந்தி எடுத்தார்.

“ஆச்சு! இனி கால் தள்ளாடணும்!”

நரியார் தள்ளாடி வரப்பில் உருண்டார்.

மொக்கையனுக்குப் பழக்க தோஷம். கைதட்டிவிட்டான்.

“எடுங்க முதலாளி, எடுங்க! வாந்தி எடுத்தாத்தான் வேலை பழகும்!”

எல்லோரும் சிரித்தார்கள். மொக்கையனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் கையைப் பார்த்தான். கறை படாத வெள்ளைக் கையுறை. அவன் தட்டுவதை நிறுத்திக்கொண்டான்.

சுருளாயி சிரிக்கவில்லை. அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சுண்டனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினாள். தண்ணீர் கறுத்துவிடும் என்று நரியார் சொல்ல நினைத்தார். அதற்கு அவர் வாய் ஓய்வாக இல்லை. மணலை அள்ளி மாரையும் கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிசின் போன பிறகுதான் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

யானையார் காலைப் புல்லில் துடைத்தார்.

“அடுத்த தடவை வரும்போது உறை கறுப்பா இருக்கணும். கை சுத்தமா இருக்கணும். அது மாறி இருந்துச்சுன்னா, நரியாரே, இலை முழுசையும் நீங்களே மென்னுக்குங்க!” என்றார். கொஞ்சம் முன்னால் வெள்ளை உறையைப் பாராட்டியது அவர்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டது. பெரியவர்களுக்கு அந்த வசதி உண்டு.

அதற்குப் பிறகு பனி காய்ந்துதான் இலை ஒடித்தார்கள். கொஞ்சம் இலை கிழிந்தது. நரியாருக்கு நெஞ்சு ஒன்றும் நின்றுவிடவில்லை. எல்லோர் கையுறையும் பிசினில் கருகருவென்று ஆனது. மொக்கையன் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போனான். நன்றாகச் சாப்பிட்டான். புதர் மறைவுக்குப் போகவே இல்லை.

ஒரு நாள் சுருளாயி கிளை தாவும்போது, சுண்டன் அவள் மயிரை வெடுக்கென்று இறுக்கிப் பிடித்தான்.

“வலிக்குதுடா!” என்றாள் சுருளாயி. ஆனால் அவன் கையை அவள் விலக்கவில்லை.

நம்மைக் காக்கக் கொடுத்த பொருளை அழுக்காகாமல் நாம் காத்து வைத்தால், பொருள்தான் பிழைக்கும், நாம் பிழைக்க மாட்டோம்.