முரசு கேட்டு வந்தவள்

மஞ்சக்குளத்தில் உழவர்கள்தான் போர் வந்தால் சிப்பாய்கள். முரசு கேட்டதும் வீட்டுக்கு ஓர் ஆண் வேலோடு வராவிட்டால் நிலம் பறிபோகும். "போன போரில் ஒருவர்கூடச் சாகவில்லை, படை தயார்" என்று படைத்தலைவரான தளவாய் சொன்னதை நம்பி ராஜாவே பார்வையிட வந்தார்.

முரசு முழங்கியது. காத்தாயி தனியாக வந்து வரிசையில் நின்றாள்.

"புருஷன் எங்கேடி?" என்று தளவாய் அதட்டினார்.

"போன சண்டைக்கு நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க, சாமி! யாரும் சாகலைன்னா உங்ககிட்டத்தானே இருப்பாரு? அனுப்பி வைங்க, வந்து நிப்பாரு."

அவளுக்குப் பின்னால் இன்னும் பல பெண்கள் வந்து நின்றார்கள். ராஜா தளவாயைத் திரும்பிப் பார்த்தார்.

"இறந்துவிட்டார்கள், மகாராஜா" என்று தளவாய் முனகினார்.

அவர் பதவியைப் பறித்த ராஜா, நிலங்களைப் பெண்களுக்கே விட்டார். காத்தாயி காதில் அது விழவில்லை. தாலியைப் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்து, முதன்முதலாகப் புருஷனுக்காக அழுதாள்.