இடது கைப்பக்கம் கடல்

ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஒன்றிலிருந்து புது மிஷின் பழக மூன்று பேரை இத்தாலிக்கு அனுப்பினார்கள். மூன்று மாதமாவது இங்கே வேலை ஒழுங்காக நடக்கட்டும் என்றுதான் அந்த மூவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். பொறாமையில் எதையும் சொல்வார்கள்.

மூவரில் மூத்தவர் முனிரத்தினம், யோசிப்பவர். அடுத்தவன் இம்தியாஸ், அவர் யோசித்ததற்குத் தலையாட்டுபவன். மூன்றாமவன் ஏகாம்பரம். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வாசுகியைப் பிரிந்து வந்த ஏக்கத்தில் சோறு இறங்காமல், வேளைக்கு இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டான்.

ஒரு சனி, ஞாயிறு கடலோரக் கிராமங்களைப் பார்த்துவரக் கிளம்பினார்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு மிஷின் முன்னால் நிற்காதவன் ஊருக்கு விமானம் ஏறவேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஏகாம்பரத்துக்கு அந்தப் பயம் வயிற்றிலேயே உட்கார்ந்திருந்தது.

தொழிற்சாலையில் மொழிபெயர்த்துச் சொல்லும் பூங்கோதை அக்கா மூன்று விஷயம் சொல்லி அனுப்பினாள். கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது. ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிட்டால் ருசியாக இருக்கும். திரும்பி வரும்போது டிக்கெட்டைக் குத்தாமல் ரயில் ஏறினால் அபராதம்.

சனிக்கிழமை பஸ்ஸும் படகும் பிடித்து முதல் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மலைச்சரிவில் மஞ்சளும் ரோஸுமாக வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. மறுநாள் காலை பைகளை அறையில் வைத்துவிட்டு, கடலை இடப்பக்கம் பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்த கிராமத்துக்கு நடந்தார்கள். வழி தவறவே இல்லை.

அங்கே ஹோட்டல்களில் எல்லாம் வெளியூர்க் கூட்டம். ஊர்க்காரர் ஒருவரும் இல்லையே என்று முனிரத்தினம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் போனார். பார்த்தாலே ஊர்க்காரர். மூவரும் அவர் பின்னாலேயே எண்பது படி ஏறி, அவர் வீட்டுக்குள் போய், கைகழுவிவிட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். மனைவியின் விருந்தாளிகள் என்று அவர் நினைத்தார். அவருடைய விருந்தாளிகள் என்று மனைவி நினைத்தாள். மீன் வந்தது. இம்தியாஸ் இன்னொன்று கேட்டான், அதுவும் வந்தது.

கிளம்பும்போது முனிரத்தினம், கடை பிரமாதம், வாசலில் ஒரு போர்டு மட்டும் வையுங்கள் என்று தமிழில் யோசனை சொன்னார். அந்த அம்மாள் மூவருக்கும் கன்னத்தில் முத்தம் கொடுத்து வழியனுப்பினாள். இதை வாசுகியிடம் எப்படிச் சொல்வது என்று ஏகாம்பரம் வெகுதூரம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

ஐந்து மணிக்கு ரயில். பைகள் முதல் கிராமத்தில். வந்த பாதையில் திரும்பி நடந்த ஏகாம்பரம் திடீரென்று நின்றான்.

“அண்ணா, கடல் வலது பக்கம் வந்துட்டுது.”

முனிரத்தினம் கடலைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார். மதியத்துக்கு மேல் கடல் இடம் மாறுமோ என்னவோ என்றான் இம்தியாஸ்.

“அவ்ளோ பெரிய கடல் எப்படிடா நகரும்? நகர்ந்தது நாமதான். காலைல பார்த்த மாதிரியே பார்த்துக்கிட்டு நடந்தா சரியாயிடும்.”

“அப்படி நடந்தா திரும்ப இந்த ஊருக்குள்ளதானே போவோம்?” என்றான் ஏகாம்பரம்.

“முகம் அங்க பார்க்கட்டும். கால் இங்க வரட்டும்.”

அப்படியே பின்பக்கமாக நடந்தார்கள். கடல் அடக்கமாக இடது கைக்கு வந்துவிட்டது. இம்தியாஸ் ஒரு முள்செடிமேல் உட்கார்ந்து எழுந்தான். ஏகாம்பரம் ஒரு பாதிரியாரை முதுகால் இடித்து, முதுகாலேயே மன்னிப்புக் கேட்டான். முட்டிவலிக்கு நல்லதுபோலிருக்கிறது என்று எண்ணி, அதே பக்கம் போய்க்கொண்டிருந்த ஆறு வெள்ளைக்காரர்களும் திரும்பிப் பின்பக்கமாக நடந்தார்கள். நாலரை மணிக்கு ஒன்பது பேர் முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள்.

ஸ்டேஷனில் டிக்கெட்டைக் குத்தவேண்டும். தேதி குத்திக் கொடுக்கச் சுவரிலேயே ஒரு மிஷின் இருந்ததை மூவரும் கவனிக்கவில்லை. தோல் வேலைக்காரன் பையில் குத்தூசி இல்லாமலா போகும்? பெல்ட்டுக்குப் போடுவதுபோல் டிக்கெட்டுக்கு ஐந்து ஓட்டை, சம இடைவெளியில் போட்டார் முனிரத்தினம். ரயிலில் பரிசோதகர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பக்கத்து ரயில் பாதை மலையைக் குடைந்து குடைந்து போகிறது. பெட்டியில் விளக்கு எரியவில்லை. முதல் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கும்மிருட்டு.

பொழுது சாய்ந்துவிட்டது என்று முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் கடல்மேல் பளீரென்று வெயில். விடிந்துவிட்டது என்று சோம்பல் முறித்தார். ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டான். விடிந்தால் திங்கள்கிழமை அல்லவா? எட்டு மணி ஆகியிருக்குமோ என்று யோசிப்பதற்குள் மறுபடி இருட்டி, மறுபடி விடிந்தது.

ஒன்பது தடவை இருட்டியது, ஒன்பது தடவை விடிந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்ததில் அடுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை வந்தது. இம்தியாஸ் தாடையைத் தடவி, இந்த ஊர்த் தண்ணிக்குத் தாடி வளராது போலிருக்கிறது என்றான்.

வேலை போனது போகட்டும். ஒன்பது நாளாகப் போன் வராமல் வாசுகி என்ன பாடுபட்டிருப்பாள்? ஏகாம்பரம் போன் போட்டான்.

“வாசு, இத்தனை நாளா பேசாததுக்கு என்னை மன்னிச்சிடு.”

“காலைலதானே பேசினீங்க? இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே?”

ஏகாம்பரம் போனைக் கையால் பொத்திக்கொண்டான். கண்ணில் நீர் முட்டியது.

“அண்ணா, என் கவலையில அவளுக்கு நாள் கணக்கே மறந்துபோச்சு.”

முனிரத்தினம் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“ஒரேடியா சொல்லிடாத, தாங்கமாட்டா. இப்போதைக்குத் திங்கள்கிழமைன்னு சொல்லு. மெல்ல மெல்ல செவ்வாய்க்குக் கொண்டுவரலாம்.”