இடது கை கொடுக்காதவர்

கோத்தகிரியில் ஒரு டான்ஸ் டீச்சர் இருந்தார். மேவிஸ் என்று பெயர். அவருக்கு ஒரு சீடர் உண்டு. சீடருக்கு டீச்சரைவிட வயது மிகவும் அதிகம்.

சீடரின் பெயர் கனகசபாபதி. ஓய்வு பெற்ற தாசில்தார். மனைவி இறந்த பிறகு வீட்டில் உட்கார முடியாமல் கால் போன போக்கில் நடந்தவர், ஒரு மாலை சர்ச் ஹால் ஜன்னல் வழியாக எட்டுப் பேர் கைகோத்துச் சுற்றுவதைப் பார்த்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் கல்யாணத்திலும் விழாவிலும் கூடி ஆடும் ஆட்டம் அது என்று டீச்சர் சொன்னார். மறுநாளே கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஃபைலைப் படிப்பது போலவே ஆட்டத்தையும் படித்தார். சீக்கிரமே, புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை என்றாகிவிட்டது. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளக் கத்திவிட்டு வரும் டீச்சருக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு மழை மாலை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு சீடர் நாற்காலியில் சரிந்தார்.

"என்னால முடியல டீச்சர்."

"எனக்கும்தான் சார்."

டீச்சருக்கு ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. காலை நீட்டி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. நம்ம ஆட்டத்தை ஊரே வந்து பாக்கும். மாசிலாமணி இருந்தா ஆட்டம் நாறிடும். ஒண்ணு அவன், இல்லேன்னா நான்," என்றார் சீடர்.

மாசிலாமணி, சீடர் தாசில்தாராக இருந்தபோது அதே ஆபீஸில் பியூன். ஐயா சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தவர். அவர் வீட்டிலும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வகுப்பு இருக்கும் நாளில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டை போடுவார். மழையானாலும் குளிரானாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான்.

"அப்படி என்ன தப்புப் பண்றார்?"

"உங்களுக்குத் தெரியாததா? சங்கிலியை அறுத்துடறான்."

சங்கிலி என்பது இதுதான். எட்டுப் பேரும் ஜோடி ஜோடியாக வட்டத்தில் நிற்பார்கள். ஜோடியில் ஆண் இந்தப் பக்கமாகவும் பெண் அந்தப் பக்கமாகவும் சுற்றி வர வேண்டும். முதலில் தன் ஜோடிக்கு வலது கை கொடுத்துக் கடக்க வேண்டும். அடுத்து எதிரே வருபவருக்கு இடது கை. அதற்கடுத்தவருக்கு மறுபடி வலது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

பெண்கள் குறைவு என்பதால் சீடர் பெண்கள் பக்கம் நின்று ஆடுவார். மாசிலாமணி தன் ஜோடியைக் கடந்ததும் எதிரே வருபவர் சீடர். சீடர் இடது கையை நீட்டுவார். மாசிலாமணி வலது கையை நீட்டுவார். கையும் கையும் பின்னிக்கொள்ளும். பின்னால் வருகிறவர்கள் முதுகில் வந்து இடிப்பார்கள்.

"இடது, இடதுன்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு. சரிங்கய்யாங்கறான். மறுபடி வலது கைதான் வருது. இடது வலது தெரியாத ஆளுக்கு ஆட்டம் எதுக்கு டீச்சர்?"

டீச்சர் எழுந்துபோய் பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் கொண்டுவந்து சீடரிடம் நீட்டினார்.

இடது கையால் நீட்டினார்.

சீடரின் கை பாதிவரை எழுந்து நின்றுவிட்டது.

"டீச்சர்... கை."

"என்ன சார்?"

"இடது கையால கொடுக்கறீங்க."

"டீ அதேதான். பிடிங்க, சுடுது."

சீடர் பிடிக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. வேண்டுமென்றே செய்கிறாரா, அசதியில் செய்கிறாரா என்று டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அதில் அசதி மட்டும்தான் தெரிந்தது.

டீச்சர் கிளாஸை வலது கைக்கு மாற்றினார். சீடர் வாங்கிக்கொண்டார்.

"ஒரு கிளாஸ் டீக்கே இப்படி," என்றார் டீச்சர். "நான் உங்ககிட்ட ஒரு நாள்கூட வேலை பாத்ததில்ல."

சீடர் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். மழை தகரத்தில் சடசடவென்று அடித்தது.

"போன வாரம் நீங்க பல் டாக்டர்கிட்ட போயிருந்தீங்க," என்றார் டீச்சர். "உங்க இடத்துல ஹால் வாட்ச்மேனை நிக்க வெச்சேன். மாசிலாமணி ஒரு தடவைகூடத் தப்பல."

"இடது கை கொடுத்தானா?"

"பாட்டோட சேந்து, அழகா."

சீடருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் பிரச்சனையைத் தீர்க்காதே.

"சரி டீச்சர். மரியாதைதான். புரியுது. ஆனா ஞாயித்துக்கிழமை சங்கிலி அறுந்தா, அது மரியாதையிலதான் அறுந்ததுன்னு மைக்குல சொல்ல முடியுமா? எனக்கு இடது கை கொடுக்கலாம்னு அவன்கிட்ட நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா மட்டும் கேக்குமா, அந்தக் கை?"

"அப்ப ஆட்டத்தை மாத்திடலாமா?"

"அவங்க வழிவழியா ஆடற ஆட்டம், அது நம்ம கையில இல்ல சார்."

"பின்ன என்னதான் பண்றது?"

"அவர் கையை மாத்தத்தான் இத்தனை நாளா பாடுபட்டீங்க. நீங்க நிக்கற இடத்தை மாத்திப் பாத்தீங்களா?"

சீடர் கண்ணை மூடி, மனதுக்குள் எட்டுப் பேரையும் வட்டமாக நிறுத்தினார். தன்னை ஒவ்வோர் இடமாக நகர்த்திப் பார்த்தார். எங்கே நின்றால் மாசிலாமணிக்கும் தனக்கும் வலது கையாக வரும்? ஓர் இடம் இருந்தது. எதிர்ப் பக்கத்தில். ஆனால் அதுவும் மறு சுற்றில் எப்படியாகுமோ என்று மனம் குழம்பியது. கொஞ்சமும் சந்தேகமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான்.

கண்ணைத் திறந்தார்.

"ஜோடியா? நானும் மாசிலாமணியுமா?"

"ஜோடிக்கு எப்பவும் வலது கைதான் சார்."

டீ ஆறிவிட்டிருந்தது. சீடர் அதைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். வருவாரா மாட்டாரா என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

அடுத்த வகுப்புக்கு வந்தார். மாசிலாமணியின் ஜோடியான ஜெயசீலியைப் பக்கத்து இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, தானே மாசிலாமணிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மாசிலாமணிக்கு வியர்த்துவிட்டது.

"ஐயா, நீங்க எதுக்குங்கய்யா இங்க..."

"நில்லு மாசிலாமணி."

"சரிங்கய்யா," என்று சொல்லிக்கொண்டே மாசிலாமணி ஓர் அடி பின்னால் போய் நின்றார். ஆபீஸில் அத்தனை வருடம் அவர் நின்ற இடம் அதுதான்.

சீடர் திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், பின்னாடி போறாரு."

'அவன்' எப்போது 'அவர்' ஆனான் என்பதை சீடர் கவனிக்கவில்லை.

"நீங்களும் போங்க சார்," என்றார் டீச்சர், ஸ்பீக்கரின் வயரை நோண்டியபடியே.

சீடர் ஓர் அடி பின்னால் போனார். மாசிலாமணி பதறி இன்னோர் அடி பின்னால் போனார். சீடரும் போனார். மாசிலாமணியும் போனார். மற்ற ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். இப்படியே போய்ப் போய், மாசிலாமணியின் முதுகு சுவரில் முட்டியது. சீடர் கடைசியாக ஓர் அடி பின்னால் வைத்து அவருக்குச் சமமாக நின்றார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

மாசிலாமணி சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். போக இடமில்லை.

"இனிமே எங்க போவீங்க?" என்று கேட்டார் சீடர்.

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

சீடர் தூரத்தில், ஹாலின் நடுவில் நின்ற ஆறு பேரைப் பார்த்தார்.

"டீச்சர், நாங்க சுவருக்கே வந்துட்டோம். ஆட்டம் அங்கதானே இருக்கு. மறுபடி அங்க கூட்டிட்டு வந்தா, மறுபடி பின்னாடி போவாரு. என்ன பண்றது?"

டீச்சர் பெருமூச்சு விட்டார். ஸ்பீக்கரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நின்றிருந்தவர்களைப் பார்த்து நடங்கள் என்று தலையை ஆட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் அசையாம அங்கேயே நில்லுங்க சார். வட்டம் அங்க வரும்."