வாசலுக்குத் தனிக்கூலி

“சபையைச் சிரிக்க வைக்கிறாய், பூவாயி. சொன்ன விலைக்குள் ஒரு சத்திரத்தைக் கட்ட வைப்பாயா?”

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் தம் விகடகவியிடம் இப்படிக் கேட்டார். வாய் அரசருடையது, ஓதிவிட்டவர் கட்டட அமைச்சர் விருத்தாசலம். ஒரு பெண் பேசி அரசர் சிரிப்பது அவருக்கு நெடுநாளாக நெஞ்சில் முள். பேசி முடித்த விலைக்கு மேல் ஒரு பொன் ஏறினாலும் பூவாயி நாட்டை விட்டே போக வேண்டும் என்ற நிபந்தனையையும் அவரே சேர்த்தார்.

பூவாயி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

அந்த நாட்டில் கட்டட வேலை வேண்டுவோர் விலையோலை எழுதிக் கொடுப்பார்கள். விலை யாருடையது குறைவோ அவருக்கு வேலை. ஐந்து ஓலைகள் வந்தன. நான்கு பேர் எழுநூறு, எண்ணூறு பொன் கேட்டிருந்தார்கள். அமைச்சரின் மைத்துனர் காளத்தி மட்டும் முந்நூறு. வழக்கப்படி வேலை அவருக்கே போனது.

சுவர் ஆளுயரம் எழும்பியதும் காளத்தி மெல்ல வந்து, வாசல் வைக்க இருநூறு பொன் ஆகும் என்றார். ஓலையைப் படித்துப் பார்க்கவும் சொன்னார். நான்கு பக்கமும் முழுச்சுவர், மேலே கற்கூரை. அவ்வளவுதான். வாசலும் இல்லை, சாளரமும் இல்லை, படியும் இல்லை.

“ஓலையில இல்லாதது தனி வேலைம்மா. தனிக்கூலி.”

பூவாயி சற்று யோசித்துவிட்டு, ஓலையில் உள்ளபடியே கட்டினால் போதும் என்றாள். வாசலில்லாத சத்திரமா என்று காளத்தி அமைச்சரிடம் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒப்படைக்கும் நாளில் அரசரும் சபையும் வந்தார்கள். கொத்தர்கள் போய்வரச் சுவரில் விட்டிருந்த சந்து ஒன்றுதான் அடைக்கப் பாக்கி. புதுக் கட்டடத்தில் கட்டும் வேலையை எடுத்தவரே முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்பது அந்த ஊர் முறை. காளத்தி பால்பானையோடு சந்தில் நுழைந்து அடுப்பு மூட்டினார்.

பூவாயி கொத்தர்களிடம் திரும்பினாள். “முழுச்சுவர்னுதானே எழுதியிருக்கு? அடைச்சிருங்க.”

மேற்பார்வை அவளுடையது, கொத்தர்கள் அடைத்தார்கள், பேச்சு வர ஒரு செங்கல் இடம் மட்டும் விட்டு. சிறிது நேரத்தில் அதன் வழியே புகையும் இருமலும் சேர்ந்து வந்தன.

“தாயே, கண்ணு எரியுது. ஒரு வாசல் வைக்கச் சொல்லு.”

“வாசல் ஓலையில இல்லையே, காளத்தியாரே. தனி வேலை. கொத்தர்களுக்கு என்ன கூலி தர்றீங்க?”

இருநூறு என்றார். சாளரம் இல்லாமல் புகை எப்படிப் போகும் என்று கேட்டாள். அதுவும் தன் செலவே என்றார். வெளியே இறங்கப் படி வேண்டாமா என்றதும், படி என்ன, கிணறே வெட்டித் தருவதாகச் சொன்னார். அரசர் இருக்கையில் இருக்க முடியாமல் சிரித்தார்.

சுவரை உடைத்ததும் காளத்தி கரி பூசிய முகத்தோடு வந்தார். அரசர் தம் முத்துமாலையைப் பூவாயிக்கு அணிவித்தார்.

“இனி விலையோலைகளைப் பூவாயியே படிப்பாள். பழைய ஓலைகளும் நாளை அவளிடம் வரட்டும், அமைச்சரே.”

விருத்தாசலம் வணங்கினார். பிறகு, காத்திருந்த பல்லக்கையும் மறந்து நடந்தே போய்விட்டார்.