கரடி கழற்றிய கார்

ஏரிக்கரைக் காட்டில் சடையன் என்றொரு கரடி வாழ்ந்து வந்தது. அதன் மனைவி பாவாயி, தலைப்பிரசவத்துக்காக மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தது.

பாவாயி போன நாளிலிருந்து கரடிக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. குகை திடீரென்று பெரிதாகிவிட்டது போல் இருந்தது. புற்றைக் கிளறிக் கறையான் எடுத்தால், பழக்கதோஷத்தில் பாதியை ஒதுக்கி வைக்கும். சாப்பிட ஆள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

ஒருநாள் மைனா மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"சடையன் அண்ணே! சடையன் அண்ணே! குட்டி பிறந்தாச்சு! பொம்பளப் பிள்ளை!"

கரடி துள்ளிக் குதித்தது. "பாவாயி எப்படி இருக்கா? குட்டி யார் சாயல்?"

"ரெண்டு பேரும் சுகம்! குட்டிக்கு நெஞ்சுல வெள்ளைக் கோடு அப்படியே உங்களை மாதிரி! எப்ப வருவீங்கன்னு பாவாயி அக்கா கேட்டு வரச் சொன்னாங்க!"

"இன்னைக்கே வர்றேன்! கார்லயே வர்றேன்னு சொல்லு!"

ஆம், கரடியிடம் ஒரு கார் இருந்தது. காட்டோரச் சாலையில் யாரோ விட்டுவிட்டுப் போன பழைய கார். அந்தக் காட்டில் வேறு யாரிடமும் கார் கிடையாது. கரடிக்கு அதில் ரொம்பப் பெருமை.

பாவாயியை அழைத்துப்போக அதன் அண்ணன் மாரப்பன் வந்திருந்தபோது, கரடி அந்தக் காரைத்தான் துடைத்து நிறுத்தி வைத்திருந்தது. மாரப்பன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

"மாப்பிள்ளை! இந்த டப்பா மலை ஏறுமா? வயித்துப் பிள்ளைக்காரியை இதுல ஏத்தமாட்டேன்! நாங்க மெல்ல நடந்தே போயிக்கிறோம்!"

கரடிக்குச் சுருக்கென்றது. "பாருங்க மச்சான்! பிள்ளை பிறந்ததும் இதே கார்லதான் வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு வருவேன்! ரிப்பேர் வந்தாலும் நானே பார்த்துக்குவேன்! எனக்குத் தெரியாத வேலையா?"

உண்மையில் கரடிக்கு அந்த வேலை ஒன்றும் தெரியாது.

மைனா போனதும் கரடி காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியது. கார் ஒருமுறை உறுமியது. இன்னொரு முறை முனகியது. அப்புறம் அடங்கிவிட்டது.

ஏரிக்கரையில் நீர்நாய் ஒன்று ஒர்க்‌ஷாப் வைத்திருந்தது. படகு, பம்புசெட், சைக்கிள் என்று எல்லாவற்றையும் அது பழுது பார்க்கும். சத்தம் கேட்டு அது ஓடி வந்தது.

"அண்ணே, நான் ஒரு கை பார்க்கட்டுமா?"

"வேண்டாம் தம்பி! என் காரை நானே பார்த்துக்குவேன்!" என்றது கரடி.

நீர்நாய் கை வைத்தால் மைனாவுக்குத் தெரியும். மைனாவுக்குத் தெரிந்தால் மாரப்பனுக்குத் தெரியும். மாரப்பன் எப்படிச் சிரிக்கும் என்று நினைத்தாலே கரடிக்கு உடம்பெல்லாம் கூசியது.

கரடி காருக்கு அடியில் ஊர்ந்து போனது. ஒரு போல்ட் கண்ணில் பட்டது. அதைக் கழற்றியது. கருப்பான ஆயில் குபுகுபுவென்று அதன் வயிற்றில் கொட்டியது.

"பழைய ஆயில் போயிடுச்சு! புது ஆயில் ஊத்தினா கார் பறக்கும்!" என்று சொல்லிக்கொண்டே, மேலே மூடியைத் திறந்து ஒரு டப்பா ஆயிலை ஊற்றியது. அப்புறம் காட்டெருமையைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னது.

காட்டெருமை தள்ளியது. கார் கிளம்பியது! ஆனால் பின்னாலிருந்து வந்த புகையில் பாதிக் காடு மறைந்துபோனது. கியர் மாற்றியபோது "கீய்ய்ய்!" என்று ஓர் அலறல். மயில் ஒன்று, வேறொரு மயில் தன்னைக் கூப்பிடுகிறது என்று நினைத்துப் பதில் குரல் கொடுத்தது.

நாலு மரம் தாண்டுவதற்குள் கார் நின்றுவிட்டது.

நீர்நாய் அருகே வந்து குனிந்து பார்த்தது. "அண்ணே, நீங்க இறக்கினது இன்ஜின் ஆயில் இல்லை. கியர் பாக்ஸ் ஆயில். இன்ஜின்ல ஏற்கெனவே ஆயில் இருந்துச்சு. அதுக்கு மேலேயே ஊத்தியிருக்கீங்க."

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். கரடிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்! வேணும்னுதான் செஞ்சேன்!" என்றது.

"சரிங்கண்ணே," என்று சொல்லிவிட்டு நீர்நாய் போய்விட்டது.

கூடுதலாக ஊற்றிய ஆயிலை இறக்கவும், கியர் பாக்ஸுக்குத் திரும்ப ஆயில் ஊற்றவும் கரடிக்குப் பல நாள் பிடித்தது. எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து பார்த்தது. அந்தி சாயும்போது ஒரு பாறைமேல் ஏறி மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து காற்று வீசினால் மூக்கைத் தூக்கி மோந்து பார்க்கும். காற்றில் மஞ்சம்புல் வாசம் வரும், காட்டு மல்லிகை வாசம் வரும். பாவாயியின் வாசம் மட்டும் வராது.

மைனா மறுபடி வந்தது.

"அண்ணே! குட்டி கண்ணைத் திறந்துடுச்சு!"

கரடியின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "அப்படியா! முதல்ல யாரைப் பார்த்துச்சு?"

மைனா தயங்கியது. "அவங்க மாமாவை அண்ணே. பாவாயி அக்கா தண்ணி குடிக்கப் போயிருந்தாங்க."

கரடி குனிந்து ஸ்பேனரை எடுத்தது. "கண்ணு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டது.

"மழைத்தண்ணி தேங்கின மாதிரி பளபளன்னு இருக்கு!"

"வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு! இன்னும் கொஞ்சம் வேலைதான் பாக்கி!"

அவசரத்தில் கரடி ஸ்பேனரை ஓங்கித் திருப்பியது. ஸ்பேனர் வழுக்கி ரேடியேட்டரில் குத்தியது. தண்ணீர் பீச்சியடித்தது.

"இதென்ன பெரிய விஷயம்!" என்று கரடி ஒரு தேனடையைப் பிய்த்து, மெழுகைத் தேனோடு பிசைந்து ஓட்டையை அடைத்தது. தண்ணீர் நின்றது. கரடிக்குத் தன்மேலேயே மதிப்பு வந்துவிட்டது. இந்த முறையும் காட்டெருமைதான் தள்ளிவிட்டது. கார் ஓடியது! மரங்களைத் தாண்டியது! ஓடையைத் தாண்டியது! மலையடிவாரத்தையே எட்டிவிட்டது!

"பாவாயி! வந்துட்டேன்!" என்று கரடி கத்தியது.

இன்ஜின் சூட்டில் மெழுகு உருகி ஓடியது. காரின் முன்பக்க மூடிக்குக் கீழிருந்து ஆவி கிளம்பியது. என்னவென்று பார்க்கக் கரடி இறங்கி, கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவிட்டது. வெந்நீர் மூக்கில் அடித்தது. போதாக்குறைக்குத் தேன் வாசத்துக்கு ஒரு கூட்டம் தேனீக்களும் வந்து சேர்ந்தன!

அன்று மாலை காட்டெருமை காரைக் கயிறு கட்டி இழுத்துவர, வீங்கிய மூக்கோடு கரடி பின்னால் நடந்து வந்தது. வழி நெடுகக் குரங்குகள் கைதட்டின.

"அண்ணே, இப்பவாவது நான் பார்க்கறேனே!" என்றது நீர்நாய்.

"இவ்வளவு தூரம் நானே கொண்டுவந்துட்டேன்! மிச்சத்தையும் நானே முடிப்பேன்!" என்றது கரடி.

காட்டு மாமரங்கள் காய்த்துப் பழுத்து உதிர்ந்தன. ஒருநாள் விடியற்காலையில் மைனா மறுபடி வந்தது. இந்த முறை அது கூவிக்கொண்டு வரவில்லை. மெல்ல வந்து காரின் மேல் உட்கார்ந்தது.

"குட்டி நடக்குது அண்ணே. ரெண்டு எட்டு வச்சு விழுந்துச்சு. யாரும் தூக்கலை. தானே எழுந்திருச்சிடுச்சு."

"பேசுதா?"

"பேசுதே! 'மாமா'ன்னுது."

"அப்பான்னு சொல்லிக் கொடுக்கச் சொல்லு."

"சொல்லிக் கொடுத்தாங்க அண்ணே. அப்பான்னா எதுன்னு குட்டி கேட்டுச்சாம். பாவாயி அக்கா மலையைக் கை காட்டியிருக்காங்க. அதிலிருந்து மலையைத்தான் அப்பாங்குது."

கரடி திரும்பி மலையைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றது.

'நாளைக்குள் கிளம்பியாக வேண்டும்! மலையில் இறங்கும்போது பிரேக் பிடிக்க வேண்டுமே, அதை மட்டும் பார்த்துவிடலாம்' என்று நினைத்தது. கார் ஏரிக்கரைச் சரிவில் நின்றது. உருளாமல் இருக்கச் சக்கரங்களுக்கு அடியில் கற்கள் வைத்திருந்தது. ஒரு சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் காரைத் தூக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக்கு ஒரு கல் வேண்டும். கரடி சுற்றிலும் பார்த்தது. நல்ல கல்லாகக் கண்ணில் பட்டது, பின்சக்கரத்துக்கு அடியில் இருந்த கல்தான்.

அதை உருவியது.

கார் மெல்ல அசைந்தது. அப்புறம் வேகம் பிடித்தது. கரடி பின்னாலேயே ஓடியது. "நில்லு! நில்லு!" என்று கத்தியது. கார் நாணலைக் கிழித்துக்கொண்டு ஏரிக்குள் பாய்ந்தது. வாத்துகள் நாலாபக்கமும் சிதறின. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

காடே கரைக்கு ஓடி வந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நீர்நாய் முங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து உடம்பை உதறியது. "சேத்துல புதைஞ்சு நிக்குது அண்ணே. இழுத்துக் கரையேத்தி, இன்ஜினைப் பிரிச்சுக் காயவச்சு, திரும்ப மாட்டுறதுக்குள்ள மழைக்காலம் வந்துடும்."

கரடி கரையில் பொத்தென்று உட்கார்ந்தது. "தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்கு முதல்ல என்னதான் கெட்டுப்போயிருந்துச்சு?"

நீர்நாய் யோசித்தது. "இனி அதை யாராலயும் சொல்ல முடியாதுண்ணே. சின்னதா ஏதாவது இருந்திருக்கும். அதுக்கு மேல நீங்க கெடுத்ததெல்லாம் சேர்ந்து, அது எதுன்னே தெரியாமப் போச்சு."

கரடி தலையைக் குனிந்துகொண்டது. "எனக்கு இந்த வேலை தெரியாது தம்பி. அன்னைக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

சொல்லிவிட்டு எழுந்து மலையை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"எங்கண்ணே போறீங்க?"

"என் பிள்ளையைப் பார்க்க!"

காலையில் கிளம்பிய கரடி பொழுது சாய்வதற்குள் மலையைத் தாண்டிவிட்டது. அவ்வளவு தூரம்தான்!

பாவாயியின் தாய்வீட்டு வாசலில் ஒரு குட்டிக் கரடி மண்ணைக் கிளறி விளையாடிக்கொண்டிருந்தது. சடையனைப் பார்த்ததும் ஓடிப்போய் மாரப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"மாமா! யாரோ வந்திருக்காங்க! என்னமோ நாறுது!"

சடையன் அப்படியே நின்றுவிட்டது. அதன் ரோமமெல்லாம் ஆயில் பிசுக்கு. மூக்கில் வெந்த தழும்பு. மாரப்பன் கேலியாக எதுவும் சொல்லவில்லை. "உள்ளே வாங்க மாப்பிள்ளை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டது.

பாவாயி வெளியே வந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

"கார் ஏரியில விழுந்துடுச்சு பாவாயி," என்றது சடையன்.

"நான் காரைக் கேட்டனா?" என்றது பாவாயி. "ஒவ்வொரு தடவையும் உங்களைத்தானே கேட்டு அனுப்பினேன்!"



குட்டி, மாரப்பனின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. "அம்மா, இவங்க எப்ப போவாங்க?"

"போகமாட்டேன் கண்ணு," என்றது சடையன்.

சடையன் போகவில்லை. குட்டி அன்று மாமாவை ஒட்டிக்கொண்டுதான் தூங்கியது. மறுநாளும் அப்படித்தான். சடையன் அதைக் கூப்பிடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. புற்றைக் கிளறிக் கறையான் எடுத்து, பாதியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். குட்டி வந்து தின்றுவிட்டு ஓடிவிடும். மழை பிடித்த ஒரு பிற்பகலில், இடிச் சத்தத்துக்குப் பயந்து குட்டி ஓடி வந்தபோது சடையன்தான் பக்கத்தில் இருந்தது. குட்டி அதன் மடிக்குள் புகுந்துகொண்டது. பயத்தில் யார் மடி என்று பார்க்கவில்லை. இடி நின்ற பிறகு பார்த்தது. பார்த்த பிறகும் எழுந்து போகவில்லை.

ஆனாலும் குட்டி கண் திறந்த காலையையும், இரண்டு எட்டு வைத்து விழுந்த மாலையையும் சடையன் மைனா சொல்லித்தான் அறியும். அவற்றைப் பற்றிப் பாவாயியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டும் ஆசை தீராது.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள், தங்களுக்கு வேண்டியவர்களின் பக்கத்தில் இருக்க வேண்டிய நாட்களை இழந்துவிடுவார்கள்.