கரிச்சான் சொல்லாமல் விட்டது

ஒரு காட்டில் கரிச்சான் குருவி ஒன்று இருந்தது. விடிந்ததும் அது வேலமரத்து உச்சியில் உட்கார்ந்து காட்டுச் செய்திகளை உரக்கச் சொல்லும்.

"கிழக்கே நாவல் பழுத்திருக்கிறது! வல்லூறு சுற்றுகிறது, குஞ்சுகளை வெளியே விடாதீர்கள்!"

அது சொன்னால் சரியாக இருக்கும். காடே அதன் பேச்சைக் கேட்டு நடந்தது.

அந்தக் கோடையில் ஓடை வற்றிவிட்டது. மலையடிவாரத்துச் சுனையில் மட்டும் நல்ல தண்ணீர் இருந்தது. ஆனால் அது வெகுதூரம். நரி ஒன்று ஓடை மணலைத் தோண்டி ஊற்று எடுத்தது. குடிக்க வருபவர்கள் ஆளுக்கு ஒரு வாய் இலந்தைப் பழம் கொண்டுவர வேண்டும் என்றது. தண்ணீரோ கலங்கல். ஒருவரும் வரவில்லை.

நரி கரிச்சானைத் தேடிப் போனது.

"தம்பி, என் ஊற்றைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லேன்!"

"சொன்னால் எனக்கு என்ன கிடைக்கும்?"

"தினமும் சாயங்காலம் நான் புல்வெளியில் நடப்பேன். என் காலடியில் வெட்டுக்கிளிகள் கிளம்பும். பின்னாலேயே வந்து பிடித்துக்கொள். அலையாமல் வயிறு நிறையும்!"

கரிச்சான் ஊற்றில் ஒரு சொட்டு குடித்துப் பார்த்தது. சேற்று வாடை லேசாக அடித்தது. 'பரவாயில்லை, குடிக்கலாம்' என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் காலை அது கூவியது: "நரியின் ஊற்றுத் தண்ணீரை நானே குடித்தேன். இளநீர் மாதிரி இருக்கிறது! சுனை வரைக்கும் ஏன் நடக்கிறீர்கள்?"

வெட்டுக்கிளி விஷயத்தை மட்டும் அது சொல்லவில்லை.

முயல் தன் இரண்டு குட்டிகளோடு ஊற்றுக்குப் போனது. மூன்றாம் நாள் சின்னக் குட்டிக்கு வயிற்றால் போனது. கண் செருகிக் கிடந்தது. சாயங்காலம் முயல் நரியைக் கேட்கக் கிளம்பியது. புல்வெளியில் நரி முன்னால் நடக்க, கரிச்சான் பின்னால் பாய்ந்து பாய்ந்து வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்தது.

"இதற்காகத்தான் புகழ்ந்தாயா?" என்று கேட்டது முயல்.

"நான் குடித்துவிட்டுத்தானே சொன்னேன்! பொய்யா சொன்னேன்?"

"நரியே சொல்லியிருந்தால் ஒரு தடவை முகர்ந்து பார்த்திருப்பேன். நீ சொன்னாய் என்றுதான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை."

முயல் குட்டியைச் சுனைக்குக் கொண்டுபோய்ப் பல நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தது. அது திரும்பி வந்து சொன்னதும் வெட்டுக்கிளி விஷயம் காடெங்கும் பரவியது.

இரண்டு நாள் கழித்து வல்லூறு தாழப் பறந்து வந்தது.

"வல்லூறு! புதருக்குள் ஓடுங்கள்!" என்று கரிச்சான் அலறியது.

"இப்படிச் சொல்ல இன்று யார் தீனி போட்டார்களோ!" என்றது புறா. தரையில் மேய்ந்துகொண்டிருந்த குஞ்சை அது அழைக்கவில்லை. வல்லூறு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கரிச்சான் துரத்திப் போய் அதன் முதுகில் கொத்திப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அன்று கரிச்சான் எதுவும் தின்னவில்லை. மறுநாள் நடந்ததையெல்லாம் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, முயலிடமும் புறாவிடமும் மன்னிப்புக் கேட்டது. புறா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சில வாரம் கழித்து நரி வந்தது. "ஊற்றை ஆழமாகத் தோண்டிவிட்டேன். தண்ணீர் தெளிந்துவிட்டது. மறுபடி சொல், தம்பி!"

"சொல்கிறேன். வெட்டுக்கிளியையும் சேர்த்துத்தான் சொல்வேன்."

"அதைச் சொன்னால் யார் வருவார்கள்?"

"அப்படியென்றால் வேறு ஆளைப் பார்!"

நரிக்கு வேறு வழியில்லை. கரிச்சான் கூவியது: "நரி எனக்கு வெட்டுக்கிளி கிளப்பித் தருகிறது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஊற்று இப்போது தெளிந்திருக்கிறது. ஆனாலும் நீங்களே முகர்ந்து பார்த்துக் குடியுங்கள்!"

சிலர் சிரித்தார்கள். சிலர் போய் முகர்ந்து பார்த்துக் குடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கரிச்சானின் குரலுக்குப் புறா மறுபடி செவிகொடுக்க மழைக்காலம் வரை ஆயிற்று.

பிறரிடம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு புகழ்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; மறைத்தால், அவர் எதுவும் பெறாமல் சொல்லும் உண்மையையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.