ராஜா விழுங்கிய தாம்பூலம்

முன்னொரு காலத்தில், மேகம் வந்து முட்டும் மலையடிவார நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். வாயில் தாம்பூலம் இருக்கும்வரை வழக்குக் கேட்பான். துப்பிவிட்டால் தீர்ப்பு. அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

மலையுச்சியில் ஒரு பழுப்புப் பட்டாம்பூச்சி மிதந்து பறக்காமல் தாவித் தாவிப் போகிறதென்று யாரோ சொல்லிவைத்தார்கள். அவ்வளவுதான், ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. "உயிரோடு கொண்டுவாரும், இல்லையேல் உம் தலை போகும்" என்று மந்திரி செம்பியாரை விரட்டினான். செம்பியாரும் மூச்சிரைக்க ஏறிப் பிடித்துவந்து, கூண்டோடு அரண்மனையில் ஒப்படைத்தார்.

மறுநாள் மார்கழிக் காலை. சபையில் கூண்டைத் திறந்த ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூச்சி விறைத்துக் கிடந்தது!

"செத்ததைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார், மகாராஜா! துப்புங்கள் தாம்பூலத்தை!" என்று குதித்தார் அரண்மனைக் காரியக்காரர் கொற்றனார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

ராஜா துப்பத் தயங்கினான். செம்பியார் சிறுவயதுத் தோழர். ஆனால் சொன்ன சொல்? வாயோ நிரம்பிக்கொண்டே வந்தது.

செம்பியார் கூண்டைத் தொட்டார். சில்லென்றிருந்தது. "மகாராஜா, இன்னும் கொஞ்சம் மெல்லுங்கள். இதை இப்படிச் செய்தவர் இங்கேதான் இருக்கிறார். பூச்சியே எழுந்துபோய் அவர்மேல் உட்காரும்."

சபை கொல்லென்று சிரித்தது. அவர் கூண்டை முற்றத்து வெயிலில் வைத்தார். சற்று நேரத்தில் இறகு நடுங்கியது. சிரிப்பு நின்றது. பூச்சி தாவித் தாவி, ஒவ்வொருவராகத் தாண்டி, கொற்றனாரின் நெற்றியில் போய் உட்கார்ந்தது.

ராஜா வாயைப் பிளந்தான். தாம்பூலம் மடக்கென்று உள்ளே போய்விட்டது.

"ஐயோ, நான்தான்! நிலவறையில், தண்ணீர்ப் பானைகளுக்கு நடுவே வைத்தேன்!" என்று அலறினார் கொற்றனார்.

"குளிரில் விறைப்பதும் வெயிலில் எழுவதும் இதற்கு அன்றாட வழக்கம்," என்றார் செம்பியார். "வியர்வை உப்பென்றால் இதற்கு உயிர். இந்த மார்கழியில் பயந்து வியர்த்தது இவர் ஒருவருக்குத்தானே!"

"இவன் தலையை..." என்று துப்பப் போனான் ராஜா. வாயில் ஒன்றுமில்லை. துப்பாமல் தீர்ப்பேது?

"தலை இருக்கட்டும், மகாராஜா," என்றார் செம்பியார். "இவரே பூச்சியை உச்சியில் விட்டுவிட்டு வரட்டும்."

"அந்தக் குளிரிலா?" என்று முனகினார் கொற்றனார்.

"உமக்கென்ன ஐயா, எந்தக் குளிரிலும் வியர்க்குமே!"

சபை சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. சற்று முன்னதாகத் துப்பியிருந்தால் தோழனின் தலை உருண்டிருக்கும். வெற்றிலைப் பெட்டியை எடுத்துச் செம்பியாரிடம் நீட்டினான்.

"இனி இது உம்மிடமே இருக்கட்டும்," என்றான்.